எழுதித் தராத ரசீது: கைதின்போது நடந்த ஓர் உடற்சோதனை

இந்த வழக்கு 2024 செப்டம்பரில் தொடங்கி 2025 மார்ச்சில் முடிந்தது. இலவச சட்ட உதவிக் குழுவில் இருக்கும் வழக்கறிஞர் என்ற முறையில் ரிமாண்ட் நாளன்று, அதாவது கைதானவரை நடுவர் (மாஜிஸ்திரேட்) முன் நிறுத்திக் காவலில் வைக்க உத்தரவு கேட்கும் நாளன்று, இது என்னிடம் வந்தது. சம்பந்தப்பட்ட பெண்ணுக்கு முழுவதையும் படித்துக் காட்டி, அவர் சரி என்ற பிறகே இதை வெளியே வைக்கிறேன். ஊர், காவல் நிலையம், ஆட்கள் என எந்தப் பெயரும் இதில் இல்லை. இளம் வழக்கறிஞர்களும் சட்ட உதவித் தன்னார்வலர்களும் படிக்க வேண்டும் என்று எழுதுகிறேன். கைது என்றதும் நாம் ஜாமீனைப் பற்றி மட்டும் யோசிக்கிறோம். கைதுக்கும் ரிமாண்டுக்கும் இடையே, ஒரு மனிதரின் உடம்பிலிருந்து எதை எடுத்தார்கள், எங்கே எழுதினார்கள் என்பதை யாரும் கேட்பதில்லை. நானும் அதுவரை சரியாகக் கேட்டதில்லை.

பின்னணி

அவருக்கு வயது 34. மூன்று வீடுகளில் பாத்திரம் கழுவி, வீடு துடைத்துச் சம்பாதிப்பவர். கணவர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். பிள்ளைகள் இருவர். புகார் கொடுத்த வீட்டில் நான்கு ஆண்டுகளாக வேலை செய்துவந்தார்.

ஒரு சனிக்கிழமை மதியம் அந்த வீட்டு அம்மாளின் தங்கச் சங்கிலியைக் காணவில்லை. மூன்று பவுன், கோதுமை டிசைன். குளிக்கப் போகும்போது கழற்றி வைத்ததாக நினைவு. காலையில் வேலைக்கு வந்துபோன பெண்ணைத் திரும்ப வரச்சொன்னார்கள். வந்ததும் வீட்டிலிருந்த பெண்கள் அவருடைய பையைக் கவிழ்த்தார்கள், முந்தானையை உதறச் சொன்னார்கள், ரவிக்கைக்குள்ளும் பார்த்தார்கள். எதுவும் கிடைக்கவில்லை. வேலை கொடுத்தவர் என்பதால் மட்டும் இன்னொருவர் உடம்பைச் சோதிக்கும் உரிமை யாருக்கும் வந்துவிடாது. ஆனால் அந்த நேரத்தில் அவர் மறுத்திருந்தால் அதையே குற்றத்துக்குச் சாட்சியாகச் சொல்லியிருப்பார்கள்.

மாலை ஐந்து மணிவாக்கில் காவல் நிலையத்திலிருந்து இருவர் வந்து, விசாரித்துவிட்டு அனுப்பிவிடுவதாகச் சொல்லி அழைத்துப் போனார்கள். இரவு அவர் வீடு திரும்பவில்லை. கணவர் நிலைய வாசலில் பதினொரு மணிவரை நின்றார். காலையில் வரச்சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

ஆவணங்களின் கதை வேறு. அதன்படி அவர் ஞாயிறு காலை 6.30 மணிக்கு, அவருடைய வீட்டுக்கு அருகே, ஒரு பெண் காவலர் முன்னிலையில் கைது செய்யப்பட்டார். அந்த நேரம் ஏன் தேர்ந்தெடுக்கப்பட்டது என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு உடனே புரியும். சூரியன் மறைந்த பிறகும் உதிக்கும் முன்பும் பெண்ணைக் கைது செய்யக் கூடாது. தவிர்க்க முடியாத சூழல் என்றால் பெண் அதிகாரி ஒருவர் நடுவரிடம் முன் அனுமதி பெற்றுச் செய்யலாம் என்கிறது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 43(5) பிரிவு. எனவே இரவு முழுவதும் அவர் விசாரணைக்கு வந்தவர். விடிந்ததும் கைதானவர்.

உடற்சோதனைக்குச் சட்டம் தரும் அதிகாரம்

2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் இந்தச் சன்ஹிதா இருக்கிறது. கைதின்போது உடம்பைச் சோதிப்பது பற்றிய விதிகளில் எண்கள் மாறினவே தவிர, சாரம் பெரிதாக மாறவில்லை. பழைய 51, இப்போது 49. பழைய 52, இப்போது 50.

நிலையத்தில் பேச்சுவழக்கில் எல்லாமே "செக் பண்றது"தான். சட்டத்தில் அது ஒரே அதிகாரம் அல்ல. 50ஆம் பிரிவு ஆயுதத்தைப் பற்றியது. கைது செய்த உடனே, கைதானவரிடம் கத்தி போன்ற ஆயுதம் இருந்தால் எடுத்துக்கொள்ளலாம். காவலர், கைதானவர் இருவரின் பாதுகாப்புக்கும் அது தேவை. அதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. 51ஆம் பிரிவு மருத்துவர் செய்யும் பரிசோதனை. உடம்பில் குற்றத்துக்கான தடயம் கிடைக்கும் என்று நம்பக் காரணம் இருந்தால் மட்டுமே. போதைப்பொருள் வழக்குகளுக்கு அந்தச் சட்டத்திலேயே தனி 50ஆம் பிரிவு உண்டு. அரசிதழ்ப் பதிவு பெற்ற அதிகாரி அல்லது நடுவர் முன்னிலையில் சோதிக்கக் கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது என்று சொல்லிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். அப்படிச் சொல்வது கட்டாயம் என்று 1999இல் பல்தேவ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொன்னது. 2010இல் விஜய்சிங் ஜடேஜா வழக்கில் இன்னோர் அரசியல் சாசன அமர்வு, பட்டும் படாமலும் செய்தால் போதாது என்று அதை இறுக்கியது.

இந்த வழக்குக்குப் பொருந்துவது 49ஆம் பிரிவு. அதன் நோக்கம் சாட்சியம் தேடுவது அல்ல. ஜாமீனில் விட முடியாத, அல்லது ஜாமீன் கொடுக்க இயலாத ஒருவரைக் காவலில் வைக்கப்போகிறோம். அவரிடம் இருக்கும் பொருட்கள் தொலையாமல் பத்திரமாக இருக்க வேண்டும். அதற்காகச் சோதித்து, அத்தியாவசிய உடைகளைத் தவிர மற்றவற்றை எடுத்து வைக்கலாம். எடுத்தவற்றைப் பட்டியலிட்டு ஒரு ரசீது கைதானவரிடம் கொடுக்க வேண்டும். "கொடுக்கலாம்" என்று அங்கே இல்லை. கைதானவர் பெண்ணாக இருந்தால் இன்னொரு பெண்தான், கண்ணியத்துக்குக் குறைவு வராமல், சோதிக்க வேண்டும். கைது நடந்த பிறகுதான் இந்த அதிகாரமே பிறக்கிறது என்பதையும் கவனியுங்கள். விசாரணைக்கு அழைத்துவரப்பட்டவரை 49ஆம் பிரிவைக் காட்டிச் சோதிக்க முடியாது.

இத்தனை எளிய விதி. ஒரு தாள், நான்கு வரி, இரண்டு கையெழுத்து. என் பத்தொன்பது ஆண்டு அனுபவத்தில் அந்த ரசீதைக் கையில் வைத்திருந்த கைதியை நான் பார்த்த தடவைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

ரிமாண்டின்போது கவனித்தது

ஞாயிறு மதியம் மூன்றரை மணிக்கு நடுவரின் வீட்டில் ரிமாண்ட். அந்தப் பெண்ணோடு பேச எனக்குக் கிடைத்தது ஐந்து நிமிடம். 38ஆம் பிரிவு விசாரணையின்போதே வழக்கறிஞரைச் சந்திக்கும் உரிமையைக் கொடுத்தாலும், கணவருக்கு என் எண் கிடைத்ததே அன்று நண்பகலில்தான்.

அடித்தார்களா, சாப்பிட்டீர்களா, எப்போது கூட்டிப் போனார்கள் என்று வழக்கமான கேள்விகளைக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் தலையை மட்டும் ஆட்டினார். அப்போதுதான் கழுத்தைப் பார்த்தேன். தாலி ஒரு மஞ்சள் கயிற்றில் கோத்திருந்தது. கயிறு புத்தம் புதியது; மஞ்சள் ரவிக்கை ஓரத்தில் ஒட்டிக் கறையாகியிருந்தது. பதினோரு ஆண்டுகளுக்கு முன் திருமணமான பெண். கயிறு மாற்றுவது உண்டுதான். ஆனால் அதற்கென்று நாள் பார்த்து, குளித்து, சாமி படத்தின் முன் உட்கார்ந்து மாற்றுவார்கள். லாக்கப்பில் ஒரு ராத்திரி கழித்த பெண்ணின் கழுத்தில் புதுக் கயிறு எங்கிருந்து வந்தது?

"இது எப்பம்மா மாத்துனது?"

"நேத்து ராத்திரிங்க மேடம்."

"யாரு மாத்துனாங்க?"

"அங்க கூட்டற அக்கா. செயினைக் கழட்டிட்டு, வெறுங்கழுத்தா இருக்கக் கூடாதுன்னு அவங்கதான் கடைக்குப் போயி கயிறு வாங்கியாந்தாங்க. செயின் பத்திரமா இருக்கும், போறப்ப வாங்கிக்கன்னாங்க."

இரவு நிலையத்தில் பெண் காவலர் யாரும் இல்லை. ஒன்பது மணிக்குத் துப்புரவுப் பணியாளரான ஒரு பெண்ணை வீட்டிலிருந்து வரவழைத்து, பழைய கோப்புகள் கிடக்கும் அறையில் சோதிக்கச் சொல்லியிருக்கிறார்கள். கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. வெளியே ஆண்கள் பேசிக்கொண்டிருந்தது உள்ளே கேட்டது. சேலையைக் களையச் சொன்னார்கள். மெட்டியும் மூக்குத்தியும் அப்படியே இருந்தன. தாலி கோத்திருந்த சங்கிலி மட்டும் போனது. ரசீது ஏதும் கொடுத்தார்களா என்று கேட்டதற்கு, அந்தச் சொல்லே புரியாததுபோல் என்னைப் பார்த்தார்.

முதல் முடிவும் அதன் காரணமும்

உள்ளே அழைக்க இரண்டு நிமிடம் இருந்தது. என்முன் இரண்டு வழிகள். ஒன்று, கைதே தேவையற்றது என்று முழு மூச்சாக வாதாடுவது. வேலைக்காரர் செய்த திருட்டு என்பது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 306ஆம் பிரிவு; அதிகபட்சம் ஏழு ஆண்டு. ஏழு ஆண்டுவரை தண்டனை உள்ள குற்றங்களில் கைதுக்கான காரணத்தை எழுத்தில் காட்ட வேண்டும், தேவையில்லை என்றால் அறிவிப்பு கொடுத்து அழைக்க வேண்டும் என்று 2014இல் அர்னேஷ் குமார் தீர்ப்பு தெளிவாகச் சொல்லியிருக்கிறது. இன்னொன்று, சங்கிலி விஷயத்தை எழுப்புவது.

இரண்டையும் சொன்னேன், ஆனால் அழுத்தியது இரண்டாவதை. காரணம் இதுதான். ஜாமீனை நாளைக்கும் கேட்கலாம். இன்று கழுத்தில் இருக்கும் கயிறு நாளை பழையதாகிவிடும். நடுவர் தன் கண்ணால் பார்த்ததை அந்த நிமிடமே எழுதினால்தான் உண்டு. "கழுத்தில் புதிய மஞ்சள் கயிறு உள்ளது. தனது தாலிச் சங்கிலி காவல் நிலையத்தில் கழற்றி வாங்கப்பட்டது என்றும் ரசீது தரப்படவில்லை என்றும் கூறுகிறார்" என்று ஒரு வரி பதிவு செய்யக் கேட்டேன். காவல் தரப்பில் வந்தவர், அப்படி எதுவும் இல்லை என்றார். நடுவர் அந்தப் பெண்ணிடம் நேரடியாகக் கேட்டுவிட்டு, இரண்டு பேர் சொன்னதையும் எழுதினார். பிறகு 14 நாள் ரிமாண்ட்.

அந்த வரி எதற்குப் பயன்படப்போகிறது என்று அப்போது எனக்குத் தெரியாது. சங்கிலி தொலைந்துவிடக் கூடாது என்பது மட்டுமே என் கவலை. அவருடைய சங்கிலியே அவருக்கு எதிரான சாட்சியமாக ஏற்கெனவே மாறிவிட்டிருந்ததை நான் அறியவில்லை.

ஆவணங்கள் கைக்கு வந்தபோது

எட்டாம் நாள் ஜாமீன் கிடைத்தது. இரண்டு பேர் பிணை. ஜாமீன் மனுவுக்காக எடுத்த நகல்களில்தான் கைப்பற்றுதல் மகஜரை, அதாவது பொருளை எடுத்ததைச் சாட்சிகள் கையெழுத்தோடு எழுதிய ஆவணத்தை, பார்த்தேன். ஞாயிறு காலை 7.15க்கு, அவர் கொடுத்த வாக்குமூலத்தின்படி, அவருடைய வீட்டுச் சமையலறைப் பரணிலிருந்து "சுமார் 3 பவுன் மதிக்கத்தக்க தங்கச் சங்கிலி ஒன்று" எடுத்ததாக எழுதியிருந்தது. எடை போடவில்லை. டிசைன் எழுதவில்லை. நிழற்படம் இல்லை.

காணொளியும் இல்லை. புதிய சட்டத்தில் உண்மையாகவே புதிதாக வந்த பிரிவு இது. 105இன்படி, ஓர் இடத்தைச் சோதிப்பதையும் பொருளைக் கைப்பற்றுவதையும், பட்டியல் எழுதிச் சாட்சிகள் கையெழுத்திடுவதுவரை, ஒலி ஒளிப் பதிவு செய்து தாமதமின்றி நடுவருக்கு அனுப்ப வேண்டும். செல்போனே போதும் என்று சட்டமே சொல்கிறது. சட்டம் வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை, பழக்கம் ஆகவில்லை என்று பின்னர் விளக்கம் சொன்னார்கள்.

கைது ஆவணத்தில் உடற்சோதனை என்ற கட்டத்துக்கு எதிரே "அணிந்திருந்த உடைகள் தவிர வேறு எதுவும் இல்லை" என்று இருந்தது. இதை மூன்று முறை படித்தேன். ஏனென்றால் அதற்குள் பெண்கள் சிறையிலிருந்து அனுமதிப் பட்டியலின் நகலை வாங்கியிருந்தேன். சிறைக்குள் நுழையும்போது பெண் வார்டர்கள் சோதித்து எழுதிய பட்டியல் அது. "மஞ்சள் கயிற்றில் கோத்த தாலி, குண்டு 2, வெள்ளி மெட்டி 1 ஜோடி, மூக்குத்தி 1." அன்று காலை எதுவுமே இல்லாத உடம்பில் அதே மாலை தாலியும் மெட்டியும் மூக்குத்தியும் இருந்தன. சிறையில் ஒழுங்காக எழுதிய ஒருவருடைய கையெழுத்து, நிலையத்தில் எழுதியதைப் பொய்யாக்கியது. பெயர் தெரியாத அந்த வார்டருக்கு நான் நன்றியோடு இருக்கிறேன்.

காணாமல் போன சங்கிலி கோதுமை டிசைன், மூன்று பவுன். இவருடைய தாலிச் சங்கிலி முறுக்கு டிசைன், இரண்டு பவுன். மகஜரில் இருப்பது எது?

அடகுச் சீட்டு

பில் இருக்கிறதா என்று கணவரிடம் கேட்டேன். கல்யாணத்துக்கு மாமியார் வீட்டில் போட்ட நகை; பில் கிடையாது. சற்று யோசித்துவிட்டு, "சொசைட்டில வெச்சிருந்தோங்க மேடம், அந்தச் சீட்டு இருக்கும்" என்றார்.

ஜூனில் பள்ளிக் கட்டணத்துக்காக அந்தச் சங்கிலியைத் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் அடகு வைத்திருக்கிறார்கள். ஆடிப்பெருக்கன்று தாலியைக் கயிற்றில் போட்டுக்கொண்டு நிற்க மனமில்லாமல், ஜூலைக் கடைசியில் கடன் வாங்கித் திருப்பியிருக்கிறார்கள். சீட்டு அரிசி டிரம்முக்கு அடியில் பாலித்தீன் உறையில் இருந்தது. "முறுக்குச் சங்கிலி 1, மொத்த எடை 16.400, நிகர எடை 16.100, கொக்கி அருகே 1 கண்ணி பற்று." நகை மதிப்பீட்டாளர் கண்ணி பற்ற வைத்ததைக்கூட எழுதி வைத்திருந்தார். சங்கத்தின் பதிவேட்டிலிருந்து அந்தப் பக்கத்தின் சான்றிட்ட நகலையும் வாங்கினேன்.

ஏழைகள் வீட்டில் நகைக்கு வாங்கிய பில் இருக்காது. அடகுச் சீட்டு பெரும்பாலும் இருக்கும். அவர்களுடைய நகைகள் பீரோவில் இருந்த நாட்களைவிட அடகில் இருந்த நாட்கள் அதிகம்.

இரண்டாவது முடிவு

மூன்று யோசனைகள் இருந்தன. வழக்கையே ரத்து செய்யக் கோரி உயர் நீதிமன்றம் போவது. மனித உரிமை ஆணையத்தில் புகார் செய்வது. அல்லது நடுவர் நீதிமன்றத்திலேயே, சங்கிலியை இடைக்காலமாக ஒப்படைக்கக் கேட்டு 497ஆம் பிரிவில் மனு போடுவது. மூத்த நண்பர்கள் முதல் வழியைச் சொன்னார்கள். நான் மூன்றாவதைத் தேர்ந்தேன்.

ரத்து மனுவில் உண்மை விவரங்களை எடை போட மாட்டார்கள். விசாரணையில் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடும் வாய்ப்பு அதிகம். கைது நேரத்தை மட்டும் நம்பிப் போவதும் பலமானதாகத் தெரியவில்லை. (பின்னர் 2025 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இரவில் பெண்ணைக் கைது செய்வது பற்றிய விதி வழிகாட்டும் தன்மையுடையது, அதை மீறிய அதிகாரி தக்க விளக்கம் தர வேண்டும் என்ற அளவில் தீர்ப்புச் சொன்னது.) சொத்து மனுவில் அப்படி அல்ல. பொருளை நீதிமன்றத்தில் வைத்தே ஆக வேண்டும். 497இன்படி, பொருள் நீதிமன்றத்துக்கு வந்த 14 நாளுக்குள் அதன் விவரங்களைப் பதிந்து, படமெடுத்து, அதற்குப் பின் 30 நாளுக்குள் அதை என்ன செய்வது என்று உத்தரவிட வேண்டும். வழக்குப் பொருட்களை நிலையத்தில் கிடத்தி வைக்காமல் உரியவரிடம் விரைந்து கொடுங்கள் என்று 2002இல் சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் துணையாக இருந்தது. எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அந்தச் சங்கிலி ஒரு தராசில் ஏற வேண்டும்.

இங்கே நான் செய்த தவறையும் சொல்ல வேண்டும். நிலையத்தின் சிசிடிவி பதிவைக் காக்கும்படி மனு போட்டது பத்தொன்பதாம் நாள். பதிவு அழிந்து அதன்மேல் புதுப்பதிவு ஏறிவிட்டது என்று பதில் வந்தது. எல்லா நிலையங்களிலும் கேமரா வேண்டும், பதிவைக் குறைந்தது ஓராண்டாவது வைத்திருக்க வேண்டும் என்பது 2020 டிசம்பரில் பரம்வீர் சிங் சைனி வழக்கில் வந்த உத்தரவு. அதை நம்பி நான் நிதானமாக இருந்துவிட்டேன். சனிக்கிழமை மாலை ஐந்தரை மணிக்கே அவர் நிலையத்துக்குள் நுழைந்தார் என்பதை ஒரே படத்தில் காட்டியிருக்கலாம். ரிமாண்ட் அன்றே ஒரு பக்க மனு கொடுத்திருந்தால் அழிக்கத் தயங்கியிருப்பார்கள். அந்தத் தாமதத்துக்கு நான் மட்டுமே பொறுப்பு.

நீதிமன்றத்தில் நடந்தது

நவம்பரில் சங்கிலி உறையிட்டு வந்தது. நடுவர் முன்னிலையில் நகை மதிப்பீட்டாளர் பிரித்து எடை போட்டார். முறுக்கு டிசைன். மொத்த எடை 16.390. கொக்கிக்கு அருகே ஒரு கண்ணி பற்ற வைக்கப்பட்டிருந்தது. நான் எதையும் வாதாட வேண்டியிருக்கவில்லை. சங்கத்தின் பதிவேட்டு நகலை மேசையில் வைத்தேன்.

அரசுத் தரப்பு, புகார் கொடுத்த அம்மாளே சங்கிலியை அடையாளம் காட்டிக் கையெழுத்திட்டிருக்கிறார் என்றது. அவரை அழைத்தார்கள். அறுபதைத் தாண்டியவர். சங்கிலியைக் கையில் வாங்கி, கண்ணாடியைச் சரிசெய்து பார்த்துவிட்டு, "இது எங்களுது இல்லீங்க" என்றார். பிறகு ஏன் கையெழுத்துப் போட்டீர்கள் என்று நடுவர் கேட்டார். நகை கிடைத்துவிட்டது, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள், கோர்ட்டில் வாங்கிக்கொள்ளலாம் என்றார்களாம். அப்போது காட்டவே இல்லையாம். சொல்லும்போது அவர் வேலைக்காரப் பெண்ணைப் பார்க்கவில்லை. வெளியே வந்த பிறகும் பார்க்கவில்லை. ஆனால் உண்மையைச் சொன்னார். அதற்கும் ஒரு துணிவு வேண்டும்.

மகஜரில் கையெழுத்திட்ட இரண்டு சாட்சிகளில் ஒருவர் நிலையத்துக்கு எதிரே டீக்கடை வைத்திருப்பவர். அவரை இந்தக் கட்டத்தில் விசாரிக்கத் தேவை எழவில்லை.

பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு சங்கிலியை அந்தப் பெண்ணிடமே ஒப்படைக்க உத்தரவானது. உத்தரவில் 49ஆம் பிரிவின் ரசீதைப் பற்றி ஒரு பத்தி இருந்தது: உடற்சோதனையில் எடுத்த பொருளுக்கு ரசீது கொடுத்திருந்தால் இந்தக் குழப்பமே வந்திருக்காது, சோதனையில் எதுவும் இல்லை என்று எழுதியது சிறைப் பட்டியலோடு முரண்படுகிறது, இதை மேலதிகாரி கவனிக்க வேண்டும். நகல் காவல் கண்காணிப்பாளருக்குப் போனது.

2025 மார்ச்சில் காவல் துறை தன் இறுதி அறிக்கையில் அவர் பெயரை நீக்கியது. திருட்டு வழக்கு, கண்டுபிடிக்க இயலாதது என முடிக்கப்பட்டது. கோதுமைச் சங்கிலி இன்றுவரை கிடைக்கவில்லை.

சங்கிலியை வாங்கிய அன்று நீதிமன்ற எழுத்தர் பதிவேட்டில் கையெழுத்து வாங்கினார். கையெழுத்திட்டுவிட்டு அந்தப் பெண் நகராமல் நின்றார். என்னம்மா என்றேன். "இதுக்கு ரசீது தருவாங்களா மேடம்?" என்று கேட்டார். நீதிமன்ற உத்தரவின் நகலைக் கையில் கொடுத்தேன். அடகுச் சீட்டு இருந்த அதே பாலித்தீன் உறைக்குள் அதையும் மடித்து வைத்துக்கொண்டார்.

செய்யாமல் விட்டவை

மனித உரிமை ஆணையத்துக்குப் போகலாம் என்று சொன்னேன். இரவு முழுவதும் சட்டவிரோதமாக வைத்திருந்தது, தாழ்ப்பாள் இல்லாத அறையில் உடை களைய வைத்தது, பொய்யான மகஜர். பலமான புகார். அவர் மறுத்தார். அதே தெருவில்தான் குடியிருக்க வேண்டும், கணவருடைய ஆட்டோ அதே நிலையத்தைக் கடந்துதான் தினமும் போக வேண்டும் என்றார். நான் இரண்டு முறைக்குமேல் வற்புறுத்தவில்லை. வழக்கு அவருடையது. ஆனால் அந்த முடிவு எனக்குள் ஆறாமல்தான் கிடக்கிறது.

சோதனை செய்த துப்புரவுப் பணியாளரையும் சாட்சியாக அழைக்கவில்லை. நான் அவரைப் போய்ப் பார்த்தேன். மறைக்காமல் சொன்னார்: "நான்தான் கழட்டுனேன். மேசைமேல வெச்சேன். கயிறு வாங்கக் காசு நான்தான் போட்டேன். அப்புறம் செயினை யாரு எடுத்தாங்கன்னு எனக்குத் தெரியாது சாமி." தினக்கூலி. கூண்டில் ஏறினால் மறுநாள் வேலை இருக்காது. தராசும் பதிவேடும் போதும் என்று தோன்றியதால் அவரை விட்டுவிட்டேன். அவை இல்லாமல் போயிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை.

இப்போது மாற்றிக்கொண்டது

ரிமாண்டுக்குப் போகும் எங்கள் குழுவினர் இப்போது முதலில் கேட்பது, "உங்ககிட்ட இருந்து என்னென்ன வாங்கி வெச்சாங்க?" என்பதைத்தான். அடித்தார்களா என்ற கேள்விக்குப் பயத்தில் இல்லை என்பார்கள். இந்தக் கேள்விக்குப் பயப்படாமல் பதில் வருகிறது. அதிலிருந்து மற்றவை தானாக வருகின்றன. பர்ஸ், போன், அரைஞாண், கைச்செலவுக்கு வைத்திருந்த பணம் எதுவானாலும், ரசீது இல்லை என்றால் அதை ரிமாண்ட் உத்தரவிலேயே பதியக் கேட்கிறோம். சிசிடிவியைக் காக்கக் கோரும் மனு அச்சடித்துத் தயாராக இருக்கிறது. தேதியும் நிலையத்தின் பெயரும் நிரப்பினால் போதும். சிறையின் அனுமதிப் பட்டியல் நகலுக்கு அதே வாரம் விண்ணப்பிக்கிறோம்.

காவல் துறை நண்பர் ஒருவரிடம் இந்த வழக்கைச் சொன்னபோது, நிலையத்தில் கைதிகள் சோதனைக்கென்றே பதிவேடு இருப்பதாகவும், ஆள் குறைவால் கைதுக்குப் பிறகு மொத்தமாக உட்கார்ந்து எழுதுவதே வழக்கம் என்றும் ஒப்புக்கொண்டார். அங்கேதான் கோளாறு. அந்த ரசீது காவலரையும் காக்கும். என் பத்தாயிரத்தைக் காணோம் என்று நாளை ஒருவர் பொய்ப்புகார் கொடுத்தால், கைதானவரின் கையெழுத்தோடு இருக்கும் அந்த நான்கு வரிதான் ஏட்டுக்குத் துணை.

சட்டத்தில் நான் மாற்ற விரும்பும் ஓர் இடம் உண்டு. 49ஆம் பிரிவு "இன்னொரு பெண்" சோதிக்க வேண்டும் என்று மட்டும் சொல்கிறது. பெண் காவலர் என்று சொல்லவில்லை. அதனால் இரவில் கூட்டுகிற பெண்ணையோ பக்கத்துக் கடைக்காரப் பெண்ணையோ அழைத்துச் செய்துவிடுகிறார்கள். பொறுப்பு ஏற்க யாரும் இல்லாமல் போகிறது. சோதித்தவர் பெயரும் கையெழுத்தும் ரசீதில் இருக்க வேண்டும், அவர் காவல் பணியில் இருப்பவராக இருக்க வேண்டும் என்று சேர்த்தால், பெண் காவலர் இல்லாத நிலையத்தில் பெண்ணை இரவில் வைத்திருக்கவே யோசிப்பார்கள். மஞ்சள் கயிற்றுக்குத் தன் காசைப் போட்ட அந்த அக்காவின் பெயர் எந்த ஆவணத்திலும் இல்லை.